லைவ் ஃபுட் ஸ்டாக் வச்சா செத்துப்போகுதா? அறிகுறிய வச்சே காரணத்த பிடிக்கலாம்

உப்புத்தண்ணி டேங்க் வச்சிருக்கிற நிறைய பேருக்கு மீன வளர்க்கிறதவிட மீனுக்குப் போடுற லைவ் ஃபுட்ட ரெண்டு நாள் உயிரோட வச்சிருக்கிறதுதான் பெரிய பாடு. கடல் குதிரை, மாண்டரின் மீன், இப்பதான் பொரிஞ்ச க்ளௌன் மீன் குஞ்சு, இதுங்களுக்கெல்லாம் வாயில அசையற தீனி வேணும், அதுக்காக வாங்கி வச்சா திங்கக்கிழமை இருந்தது புதன்கிழமை இல்ல. நான் இருக்கிறது சென்னை, ஏசி இல்லாத ஹால், மே மாசம் ரூம்ல 34 டிகிரி. அதனால இங்க எழுதுறது எல்லாம் சூடான ஊர்க்காரன் கணக்கு, ஊட்டில இருக்கிறவங்க சூடு பத்தி நான் புலம்புறத விட்டுட்டு மத்தத எடுத்துக்குங்க.

ஒண்ணு முதல்லயே சொல்லிடுறேன். ஸ்டாக்ல வச்சது செத்தா எல்லாரும் ஐயோ பட்டினி போட்டுட்டோம்னு நினைச்சு இன்னும் கொஞ்சம் தீனிய கொட்டுறாங்க, அதுதான் கடைசி அடி. நான் பார்த்த வரைக்கும் பத்துல எட்டு தடவை அது மூச்சு முட்டிதான் செத்திருக்கும், இல்லன்னா தான் போட்ட கழிவுலயே செத்திருக்கும். 30 டிகிரி கடல் தண்ணில ஒரு லிட்டருக்கு சுமார் 6 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும், அதே தண்ணி 5 டிகிரில சுமார் 10 மில்லிகிராம் பிடிக்கும். ஃப்ரிட்ஜ் ஏன் உதவுதுன்னா இதான், அதோட குளிர்ல அதுங்க மூச்சு விடுறதும் குறையுது.

கைல ஒரு பத்து மடங்கு லென்ஸ், ஒரு டார்ச், அப்புறம் உங்க மூக்கு. டெஸ்ட் கிட் எல்லாம் அப்புறம்.

போன மாசம் நல்லா பொரிஞ்ச ஆர்டிமியா முட்டை இப்ப பாதிகூட பொரியல

ஆர்டிமியான்னா உப்புத்தண்ணில வாழுற குட்டி இறால் மாதிரி ஜந்து, அதோட காய்ஞ்ச முட்டை டின்ல வரும். தப்பு முட்டைலயா, நீங்க பொரிக்கிற விதத்துலயான்னு முதல்ல பிரிச்சுக்கணும், அத பண்ணாம டின்ன தூக்கிப் போடாதீங்க, விலை தெரியும்ல. ரெண்டு பாட்டில் எடுங்க. ஒண்ணுல வழக்கமா நீங்க பண்ற மாதிரியே. இன்னொண்ணுல புதுசா கலக்கின உப்புத்தண்ணி ஆயிரத்துக்கு 25 பங்கு உப்புல, ஒரு சிட்டிகை ஆப்பசோடா போட்டு பி.எச். 8க்கு மேல கொண்டு வந்து, தண்ணிய 28 டிகிரில பிடிச்சு, பக்கத்துல ஒரு பல்ப எரியவிட்டு, ஏர் ஸ்டோன் போடாம வெறும் டியூப அடிவரைக்கும் விட்டு நல்லா கொதிக்கிற மாதிரி காத்து. லிட்டருக்கு 2 கிராமுக்கு மேல முட்டை போடாதீங்க, ஒரு கிராம்லயே ரெண்டு லட்சத்துக்கு மேல முட்டை இருக்கு.

ரெண்டாவது பாட்டில் 24 மணி நேரத்துல ஆரஞ்சு கலரா ஆடுச்சுன்னா உங்க முட்டை நல்ல முட்டை. அப்ப தப்பு சூடு, இல்லன்னா காத்து, இல்லன்னா வெளிச்சம். சென்னைல மே மாசம் இது பாதி பேருக்கு சூடுதான், ஏன்னா தண்ணி 33 டிகிரிய தாண்டினா முட்டைக்குள்ள வேலை நின்னே போயிடும். நான் முதல் வருஷம் பாட்டில ஃப்ரிட்ஜ் மேல வச்சிருந்தேன், எடுத்தா கை சுடுற மாதிரி இருக்கும், ஆனா அப்ப தோணவே இல்ல, முட்டை விக்கிறவர திட்டிக்கிட்டே இருந்தேன். ஒரு பக்கெட்ல தண்ணி ஊத்தி அதுக்குள்ள பாட்டில நிக்க வைங்க, மேல ஈரத்துணி, ரெண்டு மூணு டிகிரி இறங்கிடும்.

ரெண்டு பாட்டிலும் சரியா பொரியலன்னா முட்டை ஈரம் குடிச்சிருக்கு. லென்ஸ்ல பாருங்க, ஓடு உடைஞ்சு குஞ்சு கீழ தொங்கிட்டு நிக்கும், குடை மாதிரி, ஆனா வெளிய நீந்தி வந்திருக்காது. அப்படி நிறைய நின்னுச்சுன்னா உள்ள சக்தி தீர்ந்துபோச்சுன்னு பெரும்பாலும் அர்த்தம். முட்டைக்குள்ள இருக்கிற கரு காய்ஞ்சு இருக்கிற வரைக்கும் தூங்கிட்டே இருக்கும், வருஷக்கணக்குல. கொஞ்சம் ஈரம் பட்டா பாதி முழிச்சுக்கும், பொரியிற அளவுக்கு தண்ணியும் கிடைக்காது, திரும்ப முழுசா தூங்கவும் முடியாது, உள்ள இருக்கிற சேமிப்ப தின்னுட்டே உட்கார்ந்திருக்கும். ஃப்ரீசர்ல இருந்து டின்ன எடுத்து அப்படியே மூடிய திறக்கிறீங்க பாருங்க, அங்கதான் நடக்குது, நம்ம ஊர் காத்துல இருக்கிற ஈரம் எல்லாம் சில்லுன்னு இருக்கிற முட்டை மேல வேர்த்துடும்.

அதனால டின் வாங்கின அன்னைக்கே, அதுவும் மழை நாள் இல்லாம வெயில் நாளா பார்த்து, சின்னச் சின்ன டப்பாவா பிரிச்சு, ஒவ்வொண்ணுலயும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, காத்து புகாம மூடி, ஃப்ரீசர்ல வைங்க. வெளிய எடுக்கிறது ஒரு டப்பா மட்டும். எடுத்ததும் திறக்காதீங்க, ரூம் சூட்டுக்கு வர்ற வரைக்கும் ரெண்டு மூணு மணி நேரம் அப்படியே விடுங்க. உப்பு ஜாடில போடுற மாதிரி அரிசி போட்டா போதும்னு சிலர் சொல்றாங்க, போதாது, அரிசி அவ்வளவு ஈரம் இழுக்காது.

ஏற்கனவே ஈரம் குடிச்சத என்ன பண்றது? சீக்கிரம் செலவு பண்ணுங்க, அளவ கொஞ்சம் கூட்டிப் போட்டு. இல்லன்னா ப்ளீச்ல ஓட்ட கரைச்சுடுங்க, ஓட்ட உடைக்கிற செலவு மிச்சமாகிறதால சோர்ந்த கருவும் கொஞ்சம் கூடவே பொரியும். முட்டைய ஒரு மணி நேரம் தண்ணில ஊறவச்சு, ப்ளீச் விட்டு கலக்கிட்டே இருந்தா பழுப்பு சாம்பலாகும், அப்புறம் ஆரஞ்சு. ஆரஞ்சு வந்த உடனே வடிகட்டி, வாடை போற வரைக்கும் அலசி, சோடியம் தயோசல்ஃபேட் போட்டு மிச்ச குளோரின முறிக்கணும். கலவை தானாவே சூடாகும், 40 டிகிரி தாண்ட விடாதீங்க, ஐஸ் கட்டி பக்கத்துல இருக்கட்டும். ஜன்னல திறந்து வைங்க, ப்ளீச்சோட வினிகரோ ஆசிடோ எதையும் சேர்த்துடாதீங்க, அந்தப் புகை ஆள சாய்ச்சிடும். ஓடு போன முட்டைய லிட்டருக்கு 300 கிராம் உப்பு போட்ட கெட்டி உப்புக்கரைசல்ல ஃப்ரிட்ஜ்ல, இருட்டுல வச்சா சில வாரம் தாங்கும். வெளிச்சம் படக்கூடாது, அந்தப் பழுப்பு ஓடுதான் அதுக்கு குடையா இருந்துச்சு, அதத்தான் நாம கழட்டிட்டோமே.

நாம வாங்குற டின்ல நிறைய அமெரிக்கால யூட்டா மாநிலத்து உப்பு ஏரியில இருந்து வருது. ஆனா தூத்துக்குடி உப்பளத்துலயும் ஆர்டிமியா உண்டு, ஆணே இல்லாம பெண் மட்டுமே பெருகுற வகை அங்க பதிவாகியிருக்கு, இப்ப அந்த அமெரிக்க வகையும் நம்ம உப்பளங்கள்ல புகுந்துடுச்சு. தெரிஞ்சவங்க மூலமா உப்பளத்து முட்டை கிடைச்சா அது மண்ணும் வெத்து ஓடுமா இருக்கும். கெட்டி உப்புக்கரைசல்ல போட்டா மண்ணு அடியில போகும், முட்டை மிதக்கும். மிதந்தத அள்ளி நல்ல தண்ணில போட்டா முழு முட்டை அடங்கும், வெத்து ஓடு மிதக்கும். நல்ல தண்ணி வேலைய பத்துப் பதினஞ்சு நிமிஷத்துல முடிச்சு காயவச்சுடணும்.

ராத்திரி துள்ளிட்டு இருந்த ஆர்டிமியா குஞ்சு, காலைல அடியில வெள்ளைப் பொடியா கிடக்கு

கூட்டம். வேற எதையும் தேட வேண்டாம். பொரிஞ்சத எல்லாம் வடிகட்டி ஒரு சின்ன டம்ளர்ல போட்டு மூடி வச்சிருப்பீங்க. அகலமான தட்டு மாதிரி டப்பால, ரெண்டு விரல்கடை உயரத் தண்ணில, ஃப்ரிட்ஜ்ல காய்கறி ட்ரேல வைங்க, 10 டிகிரிக்கு கீழ இருந்தா போதும். ஃப்ரிட்ஜ் கதவுல வைக்காதீங்க, நாம தண்ணி குடிக்க திறக்கிறப்ப எல்லாம் அதுக்கு வெயில் காலம் வந்து போகும். ஒரு நாளுக்கு மேல வைக்கணும்னா சின்ன ஏர் லைன் விடணும், ஃப்ரிட்ஜ் கதவு ரப்பர் வழியா மெல்லிசு டியூப நுழைச்சா கதவு சரியா மூடாதுன்னு வீட்ல சண்டை வரும், அதனால நான் தெர்மாகோல் மீன் பொட்டில ஐஸ் பாட்டில் ரெண்டு போட்டு அதுக்குள்ள டப்பாவையும் பேட்டரி ஏர் பம்பையும் வச்சிடுறேன், ஐஸ் பாட்டில காலைல ஒரு தடவை ராத்திரி ஒரு தடவை மாத்தணும்.

கூட்டமும் இல்ல, அப்படியும் செத்துச்சுன்னா பொரிச்ச தண்ணியோடவே வச்சிருப்பீங்க. அந்தத் தண்ணில ஓட்டு அழுக்கு, கிளிசரின், விப்ரியோ மாதிரி பாக்டீரியா எல்லாம் மண்டிக்கிடக்கும். 100 மைக்ரான் வலைல பிடிச்சு, நல்லா அலசி, புது உப்புத்தண்ணில போட்டுதான் உள்ள வைக்கணும்.

ஆர்டிமியா குஞ்சு உயிரோட இருக்கு, மீனும் திங்குது, ஆனா மீன் குஞ்சு மெலிஞ்சுட்டே போகுது

இது கொஞ்சம் ஏமாத்துற கேஸ், ஏன்னா கண்ணுக்கு எல்லாம் சரியா தெரியும். ஆர்டிமியா குஞ்சு பொரிஞ்சப்ப வயித்துல மஞ்சக்கரு இருக்கும், அந்த ஆரஞ்சு கலர் அதான். நம்ம ரூம் சூட்டுல ஒரு எட்டு மணி நேரத்துல சட்டைய உரிச்சு அடுத்த நிலைக்குப் போயிடும், ஒரு நாள் முடியறப்ப உள்ள இருந்த சக்தில கால்வாசி வரைக்கும் காலி. அதே குஞ்ச குளிர்ல வச்சா ஒரு நாளைக்கு அஞ்சு சதவீதம்கூட குறையாது. கலர் வெளுத்து கண்ணாடி மாதிரி ஆயிட்டா நீங்க போடுறது வெறும் தோலு, இட்லிக்கு பதிலா இட்லித் துணிய போட்ட மாதிரி. அதோட உரிச்சப்புறம் சைஸ் கூடிடும், வேகமும் கூடிடும், சின்ன வாய் மீனுக்கு பிடிக்க வராது.

வெளுத்தத காப்பாத்தலாம். சட்டை உரிச்சப்புறம்தான் அதுக்கு வாயே திறக்கும், அதனால அப்ப ஐசோக்ரைசிஸ், நானோக்ளோராப்சிஸ்னு கண்ணுக்குத் தெரியாத ரெண்டு கடல் பாசியையும் கலந்து குடுத்து ஒரு அரை நாள் விட்டா வயிறு பச்சையா பழுப்பா நிறையுறது லென்ஸ்ல தெரியும். பொரிஞ்ச உடனே ஃபைட்டோ, அதாவது அந்தப் பாசித் தண்ணிய, ஊத்துறவங்க காச கொட்டுறாங்க, அப்ப அது திங்காது. நிறைஞ்சதும் உடனே போட்டுடுங்க, இல்லன்னா ஃப்ரிட்ஜுக்கு போகட்டும், வெளிய விட்டா ஏத்தின நல்ல கொழுப்ப அதுவே எரிச்சுத் தீர்த்துடும்.

ஃபைட்டோ பாட்டில்ல அடியில படிஞ்சிருக்கு

படிஞ்சது தப்பு இல்ல. குலுக்கினா கலங்கி ஒரே பச்சையா ஆனா நல்லது, திட்டு திட்டா, திரிஞ்ச பால் மாதிரி சுத்துச்சுன்னா செத்துடுச்சு. மோந்து பாருங்க, கடற்கரை வாடை, வெட்டின புல்லு வாடை வந்தா சரி, முட்டை அழுகின வாடை வந்தா அப்படியே சிங்க்ல கொட்டுங்க, டேங்க்ல ஊத்தி மிச்சம் பிடிக்காதீங்க.

நானோக்ளோராப்சிஸ் 4 டிகிரில சில வாரம் தாங்கும், ஐசோக்ரைசிஸ் அவ்வளவு கெட்டி இல்ல, ஒரு வாரம் பத்து நாள்ல முடிச்சுடுங்க. தினம் ஒரு தடவை குலுக்கணும், மூடிய திறந்து காத்து மாத்தணும், பாட்டில் கழுத்து வரைக்கும் ரொப்பாதீங்க. எங்க வீட்ல ஒரு தடவை மாவு பாத்திரத்துக்கு இடம் வேணும்னு என் பாட்டில ஃப்ரீசருக்கு மாத்திட்டாங்க, உருக விட்டப்ப பார்க்க அதே பச்சைதான், ஆனா செல் எல்லாம் வெடிச்சு உள்ள இருந்தது வெளிய வந்து அத ஊத்தின ரெண்டாம் நாள் ரோடிஃபர் (மீன் குஞ்சுக்குப் போடுற, தூசி அளவு ஜந்து) மொத்தமும் காலி. அதுக்கப்புறம் பாட்டில் மேல பெருசா எழுதி ஒட்டிட்டேன், குழந்தைங்க இருக்கிற வீட்ல அது எப்படியும் வேணும்.

ரோடிஃபர் பாட்டில்ல நுரை, நேத்து இருந்த கூட்டம் இன்னைக்கு இல்ல

நுரை வந்து, தண்ணி பச்சையாவே நின்னு, வாடை அடிச்சா க்ராஷ், அதாவது கூட்டமே மொத்தமா சாகுறது, ஆரம்பிச்சாச்சு. தண்ணி பச்சையா நிக்கிறதுதான் முக்கியமான துப்பு, ஏன்னா நல்லா இருக்கிற ரோடிஃபர் ஒரு நாளைக்குள்ள தெளிய வச்சிடும். தெளியலன்னா திங்கல. திங்காதப்ப இன்னும் ஊத்தாதீங்க.

லென்ஸ் போதாது, குழந்தைங்க மைக்ராஸ்கோப் ஒண்ணு இருந்தா முட்டை சுமந்துட்டு இருக்கிறத எண்ணுங்க. நல்ல கூட்டத்துல நிறைய பேர் பின்னாடி முட்டைய தொங்கவிட்டுட்டு சுத்துவாங்க. முட்டையே இல்லாம எல்லாம் வெறுங்கையா நீந்துச்சுன்னா இன்னும் ஒரு ரெண்டு நாள்தான், அதுங்க ஆயுசே நாலு நாள் அளவுக்குத்தான், அடுத்த தலைமுறை வரலன்னா அவ்வளவுதான். சடசடன்னு வேகமா ஓடுற சிலியேட்ங்கிற சின்ன சின்ன ஒரு செல் ஜந்து மொய்ச்சுட்டு இருந்தா கழிவு ஏறியிருக்கு.

உடனே பண்ண வேண்டியது, 50 மைக்ரான் துணில வடிச்சு, அதே சூடு அதே உப்புல புதுத் தண்ணில அலசி, புது டப்பால பாதி கூட்டத்த மட்டும் வைங்க. சிலியேட் ரொம்ப சின்னது, நிறைய துணி வழியா போயிடும். ஸ்டாக் வைக்கிறதுக்கு ஒரே டப்பாவ நம்பாதீங்க, ரெண்டு தனித்தனி டப்பா, தனித்தனி ஏர் டியூப், தனித்தனி துணி. தினம் கால்வாசி அறுவடை பண்ணிட்டே இருந்தா க்ராஷ் தள்ளிப்போகும், சேர்த்து வைக்கிறேன்னு எடுக்காம விட்டாத்தான் கவுந்துடும். கழிவுல வர்ற அமோனியா உப்புத்தண்ணி பி.எச்.ல ரொம்ப விஷமா மாறும், சூடு கூட கூட இன்னும் மோசம்.

ஊருக்குப் போறீங்கன்னா அலசின ரோடிஃபர ஃப்ரிட்ஜ்ல சில நாள் வைக்கலாம், ஆனா 32 டிகிரில இருந்து நேரா 4க்கு தூக்கிப் போடாதீங்க, நடுவுல ஒரு ஐஸ் பொட்டில சில மணி நேரம் நிக்கட்டும். குளிர்ல அடியில மயங்கிக் கிடக்கும், செத்ததுன்னு கொட்டிடாதீங்க, ஒரு சொட்ட வெளிய எடுத்து அரை மணி நேரம் விட்டு பாருங்க, உயிர் இருந்தா தலைல சக்கரம் மாதிரி இருக்கிற முடி மறுபடி சுத்தும்.

கோப்பிபாட் பாட்டில் கூரியர்ல வந்துச்சு, அடியில அசையாம கிடக்கு

கோப்பிபாட்னா இறால், நண்டு கூட்டத்தைச் சேர்ந்த பொடி ஜந்து. ராத்திரி லைட் அணைச்சு ஓரத்துல டார்ச் அடிங்க, பத்து நிமிஷத்துல வெளிச்சத்துக்கு வந்தா கூரியர் களைப்புதான். வெள்ளையா, ஒளி புகாம, வால் நீட்டிட்டு கிடந்தா போச்சு. நீச்சல்ல துள்ளிட்டு இருக்கிறத சலிச்சு எடுத்து வேற தண்ணிக்கு மாத்திடுங்க, செத்தது கூடவே விட்டா மிச்சமும் போயிடும்.

இதுல எந்த இனம்னு தெரியாம ஃப்ரிட்ஜ்ல வைக்கிறதுதான் எல்லாரும் பண்ற தப்பு. டைக்ரியோபஸ் கலிஃபோர்னிகஸ் அமெரிக்காவோட மேற்குக் கரைல பாறைக் குழியில தேங்குற தண்ணில வாழுற ஜந்து, வெயில்ல கொதிச்சு மழைல உப்பு குறைஞ்சு எல்லாத்தையும் பார்த்தது, அத ஃப்ரிட்ஜ்ல ஒரு வாரம் வச்சாலும் தாங்கும். அப்போசைக்ளாப்ஸ் பனாமென்சிஸ் மாதிரி சூட்டு இனத்தையும், பார்வோகலானஸ் மாதிரி நடுத்தண்ணில மிதக்குற இனத்தையும் அதே ஃப்ரிட்ஜ்ல வச்சா காலைல பொடிதான். சூட்டு இனத்த ரூம்லயே, நிழல்ல, அகலமான டப்பால, மூடிய லூசா வச்சு, தண்ணி லேசா பச்சை தெரியற அளவுக்கு மட்டும் ஃபைட்டோ போட்டு வைங்க.

கோப்பிபாட் நாளுக்கு நாள் குறையுது, தண்ணில வேற ஏதோ தூசி மாதிரி கூட்டம் ஏறுதுன்னா ரோடிஃபர் புகுந்துடுச்சு. அது பெருகுற வேகத்துல இது நிக்காது. ஒரே ஸ்பூன ரெண்டுத்துக்கும் போட்டதுதான் காரணம், என்கிட்ட ரெண்டு தடவை ஆயிருக்கு.

பெரிய ஆர்டிமியா சிவப்பா மாறிடுச்சு

பார்க்க அழகா இருக்கும், சந்தோஷப்படாதீங்க. ஆக்சிஜன் குறையிறப்ப அது ரத்தத்துல ஹீமோகுளோபின கூட்டிக்கும், அதான் சிவப்பு. ரொம்ப கெட்டி உப்புலயும் இப்படி ஆகும், ஏன்னா அங்கயும் ஆக்சிஜன் கம்மி. கூட்டத்த பாதியாக்கி லேசா காத்து விடுங்க.

லைவ் ஃபுட் போட்ட மறுநாள் டேங்க்ல அமோனியா, ஸ்கிம்மர் (கழிவ நுரையா எடுக்கிற மெஷின்) பொங்குது

ஸ்டாக் பாட்டில் தண்ணியோடவே ஊத்துனீங்களா? அதான். எத்தனை நாள் கழிவு அதுல இருக்கு. வலைல பிடிச்சு, டேங்க் தண்ணில அலசி, ஜந்துவ மட்டும் போடுங்க. அலசியும் ஏறுதுன்னா உயிரோட போட்டது உள்ள போய் சாகுது, ஃப்ரிட்ஜ் சில்லுல இருந்து நேரா 28 டிகிரி டேங்க்ல கொட்டாம ஒரு கால் மணி நேரம் வெளிய வச்சுட்டு போடுங்க, மீன் அஞ்சு நிமிஷத்துல திங்கிற அளவு மட்டும்.

சென்னை கொளத்தூர் வளர்ப்பு மீன் கடைங்கள்ல ட்யூபிஃபெக்ஸ் புழு வாங்கிட்டு வந்து உப்பு டேங்க்ல போட்டவங்களுக்கும் இதே கதைதான். அது நல்ல தண்ணி புழு, உப்புத்தண்ணில கொஞ்ச நேரத்துல செத்து கல்லு இடுக்குல போய் உட்கார்ந்து அழுகும். போட்டே ஆகணும்னா இடுக்கியால பிடிச்சு ஒவ்வொண்ணா மீன் வாய்கிட்ட நீட்டுங்க. மிச்சத்த நல்ல தண்ணிலயே ஃப்ரிட்ஜ்ல வச்சு தினம் ரெண்டு தடவை தண்ணி மாத்துங்க, உருண்டை சாம்பல் கலராகி கலைஞ்சுச்சுன்னா எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு டப்பாவ நல்லா தேய்ச்சு கழுவிடுங்க.